ஜிப்ரயீலின் இடச் சிறகு

பாரசீக மொழியில் தேவதூதனைக் குறிக்கும் 'ஃபிரிஷ்தே' என்ற பதம், அனுப்புதல் என்னும் பொருளுடைய 'ஃபிரிஸ்தாதன்' என்ற வினையோடு உறவுடையது. ஆகவே அம்மொழியினர் சிந்தையில் அவன் முதலில் ஏவப்பட்டவன், பின்னர்தான் சிறகுடையவன். இன்றைய ஈரானிய ஓவியர் சிலரிடம் அச்சிறகு என்ன ஆயிற்று என்று காணப் புகுமுன், அது வந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

பாஸார்கடே வாயிற்கல்லில் நான்கு சிறகு விரித்து நிற்கும் பழம்பெரும் உருவமும், கெர்மான்ஷா நகரை அடுத்த தாக்-இ-புஸ்தானின் பாறை வளைவில் ஸாஸானியர் செதுக்கிய வெற்றித் தேவதைகளும் இஸ்லாத்துக்கு முந்தியவை. ஆயினும் சித்திரத்தில் சிறகு பூரண மகிமை எய்தியது, நபிகள் நாயகத்தின் விண்ணேற்றமாகிய மிஃராஜைத் தூரிகையாளர் எழுதத் துணிந்த பின்னரே. ஹெராத் நகரில் 1436ஆம் ஆண்டளவில் உருவாகி இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் சுவடியில், நெருப்புப் பாதியும் பனிப் பாதியுமாக அமைந்த மலக்கு, அதாவது தேவதூதர், ஒருவர் காட்சி தருகிறார். அவ்வுருவில் நெருப்பு பனியை உருக்குவதில்லை, பனியும் நெருப்பை அவிப்பதில்லை. இதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், ஷா தஹ்மாஸ்புக்காக 1539க்கும் 1543க்கும் இடையே சித்தமான நிஜாமியின் 'கம்ஸா' பிரதியில் சுல்தான் முஹம்மத் எழுதியதாகக் கருதப்படும் சித்திரத்தில், நீலமே இரவாகப் பரந்து, வெண்மேகங்கள் சுருண்டு கீழே ஒதுங்க, வெண்திரையால் முகம் மறைந்த நாயகம் புராக் என்னும் பெண்முக வாகனத்தின் மீதமர்ந்து பொன்னழல் சூழ மேலே ஏகுகையில், காணிக்கை ஏந்திய மலக்குகள் பல வண்ணச் சிறகுகளோடு வட்டமிடும் அழகை ஒருமுறை கண்டவர் எளிதில் மறக்கமாட்டார். சிறகு அங்கே காற்றைத் தள்ளும் உறுப்பாக எனக்குத் தோன்றுவதில்லை. ஒளியே இறகாக வடிவெடுத்ததுபோல் தோன்றுகிறது.

ஆனால் அந்த ஒளியில் ஒரு கறை உண்டென்று, இச்சித்திரங்களுக்கு நெடுங்காலம் முன்பே ஒரு ஞானி சொல்லியிருந்தார். 1191இல் அலெப்போவில் கொலையுண்ட ஸுஹ்ரவர்தி, தேவதூதர் ஜிப்ரயீலின் சிறகோசையைப் பற்றிய தம் சிறு நூலில், அவருடைய வலச் சிறகு தூய ஒளியென்றும், இடச் சிறகில் சந்திரன் முகத்துக் களங்கம் போன்ற இருள் படிந்திருக்கிறதென்றும், நாம் வாழும் இம்மாய உலகம் அந்த இடச் சிறகின் நிழலே என்றும் கூறுகிறார். இன்றைய ஓவியரின் சிறந்த ஆக்கங்கள் இந்த இடச் சிறகைச் சார்ந்தவை என்பது என் துணிபு.

மக்கள் வழக்கிலும் ஊனமுற்ற சிறகு புதிதன்று. சிறகிழந்து தண்டனை அனுபவித்த ஃபுத்ருஸ் என்ற மலக்கு, நபிகளின் பேரராகிய குழந்தை ஹுஸைனின் தொட்டிலைத் தொட்டு மீண்டும் பறந்த கதையை ஷியாக்கள் அறிவார்கள். இத்தகைய பக்திக் கதைகளில் ஊறிய மக்கள் கூடிய காபிக்கடைகளிலேதான் கதைசொல்லியின் முதுகுப்புறத்தே பெரிய திரைகள் தொங்கின. முஹம்மத் முதப்பிர், ஹுஸைன் கொல்லர்-ஆகாஸி போன்றோர் அவற்றில் கர்பலாவையும் இறுதித் தீர்ப்பு நாளையும் எழுதினார்கள்.

இனி நம் காலத்து ஓவியர்களிடம் வருவோம். 1930இல் இஸ்ஃபஹானில் கம்பள வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்து 2025இல் மறைந்த மஹ்மூத் ஃபர்ஷ்சியான், நுண்சித்திரத்தை ஏட்டின் கட்டிலிருந்து விடுவித்துத் தனி ஓவியமாக நிற்கச் செய்த பெருமைக்குரியவர். அவருடைய கோடு புகைபோல் வளைகிறது. ஆடை எங்கே முடிந்தது, மேகம் எங்கே தொடங்கியது என்று பிரித்தறிய இயலவில்லை. அந்த வித்தகத்தை வணங்குகிறேன். ஆயினும் அவருடைய தேவதைகளின் சிறகுகளுக்குப் பாரம் இல்லை என்ற குறை என் மனத்தை விட்டு அகல்வதில்லை.

1980 முதல் 1988 வரை ஈராக்குடன் நடந்த யுத்தத்தில் மாண்டவர்களின் முகங்கள் தெஹ்ரான் சுவர்களை நிறைத்தன. பின்னர் அதே நகரத்தின் சுவர்களில், 1981இல் பிறந்த மெஹ்தி காத்யான்லூ, சிறகே இல்லாத சாமானியர்களை ஆகாயத்தில் மிதக்கவிட்டார்.

இவர்கள் எல்லோரிலும் என்னை மிகவும் கலக்கியவர் பரஸ்தூ ஃபரூஹர். அவர் பெயருக்குத் தைலான் குருவி என்று பொருள். தாயார் பெயரான பர்வானே பட்டாம்பூச்சியைக் குறிக்கும். அரசியல் எதிர்ப்பாளர்களான தாய் பர்வானேயும் தந்தை தாரியூஷும் 1998 நவம்பர் 22 அன்று தெஹ்ரானில் தம் இல்லத்திலேயே கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் தன் ஆட்களே என்று உளவு அமைச்சகம் பின்னர் ஒப்புக்கொண்டது. ஜெர்மனியில் குடியேறியிருந்த மகள், கணிப்பொறியில் வரைந்த பட்டாம்பூச்சி வரிசையொன்றைப் படைத்தார். எட்டி நின்று பார்ப்பவருக்கு, இருபுறமும் ஒத்த இரு சிறகுகளும் அவற்றில் நேர்த்தியான வண்ணக் கோலமும் தென்படும். ஓரடி நெருங்கினால், அக்கோலத்தின் ஒவ்வொரு புள்ளியும் வளைவும், கண் கட்டப்பட்டும் கை பிணிக்கப்பட்டும் வதைபடும் மனித உடல்களாக மாறிவிடும். பழைய சுவடியின் அலங்கார முறைமை, அதே ஒழுங்கு, அதே பொறுமை. கொடுமையும் அதே ஒழுங்கோடுதான் நடைபெறுகிறது என்பதை அந்தக் கை அறிந்திருக்கிறது. பல ஆண்டுகள் நவம்பர் மாதந்தோறும் அவர், தாய் தந்தையரின் நினைவு நாளை அனுசரிப்பதற்காக, அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய்வந்தார்.