யார் பக்கத்துச் சிரிப்பு?

தொல்காப்பியர் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்கள் வகுத்தார். மாதவிடாய் ஓயும் பருவத்துப் பெண்களை நோக்கி எழுந்த பழைய மருந்து விளம்பரங்களுக்கு எள்ளல் ஒன்றே போதுமானதாயிற்று. எள்ளப்படுபவளும் மருந்தை உட்கொள்ள வேண்டியவளும் ஒருத்தியே என்பதுதான் விந்தை!

தொடக்கத்தில் தொனி வேறாயிருந்தது. 1875இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் லிடியா பிங்கம் என்னும் அம்மையாரின் மூலிகை மருந்து விற்பனைக்கு வந்தது. போத்தலில் அவருடைய கனிந்த முகம். விளம்பரத்தில், தமக்குக் கடிதம் எழுதுமாறு அழைப்பு. ஆண் வைத்தியரிடம் சொல்லக் கூசியவற்றையெல்லாம் பெண்கள் அவருக்கு எழுதினார்கள். 1883இல் அம்மையார் காலமானார். அழைப்போ ஓயவில்லை; பதில்களும் போய்க்கொண்டேயிருந்தன. 1905இல் ஒரு மகளிர் சஞ்சிகை அவருடைய கல்லறையின் படத்தை வெளியிட்டு அந்தக் குட்டை உடைத்தது. தாயின் குரலும் சரக்காகிவிட்ட கதை இது. (மருந்தில் மதுசாரமும் தாராளமாக இருந்தது.)

பின்பு கம்பனியின் குரல் வந்தது. கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன், 1942இல் 'பிரிமரின்' என்ற பெயரில் அமெரிக்கச் சந்தையை அடைந்தது. அறுபதுகளில் வந்த அதன் விளம்பரமொன்று, இது கணவன்மாருக்கும் பிடித்த மருந்து என்று குறும்பு பேசியது. வேதனை அவளுக்கு, நிம்மதி அவனுக்கு! அச்சிரிப்பு வீட்டுத் தலைவனின் சாய்மனைக் கதிரையிலிருந்து எழுவது. 2002இல், 16,608 பெண்களைக் கொண்ட அமெரிக்க ஆய்வொன்று ஈஸ்ட்ரோஜன், புரொஜஸ்டின் கூட்டுச் சிகிச்சையில் மார்பகப் புற்றுநோய் அபாயம் கண்டு இடையில் நிறுத்தப்பட்டது. மருந்தையே நான் பழிக்கவில்லை; தக்க வயதில், வைத்தியரின் கண்காணிப்பில் அது பலருக்குத் துணை செய்கிறது. நான் பழிப்பது அந்தத் தொனியை.

வேறொரு சிரிப்பும் உண்டு. எங்கள் வலப்பனை மலையில், மார்கழிப் பனியில், கொழுந்து நிறுக்குமிடத்தில் என் மாணவி ஒருத்தியின் தாயார் வியர்த்து நின்றார். "அடுப்பே வேணாம்டி, என் மேலயே ரொட்டி சுடலாம்" என்றார். சுற்றிநின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுள் பாதிப்பேருக்கு அந்தச் சூடு தெரியும். இதில் எள்ளலுக்கு இடமேது? இதை எழுத எந்த விளம்பரக்காரனுக்கு வரும்? அவன் தேயிலைப் பெட்டியில் வரையும் கொழுந்துக்காரிக்கு என்றைக்கும் இருபது வயதுதான். அவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டேயிருப்பாள்.

அன்று அந்தத் தாயாரின் நிறை இரண்டு கிலோ குறைந்தது. அரைப்பேர்தான் போட்டார்கள்.