விலங்கை விலக்கிய கரம்

பணம் கொட்டினால்தான் படமா? இல்லை என்று காட்டியது, ஜான் கார்ப்பென்டர் 1976-இல் ஏறத்தாழ ஒரு இலட்சம் டாலரில் எடுத்த 'அசால்ட் ஆன் பிரீசிங்க்ட் 13'.

மூடப்படவிருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் காவல் நிலையம்; மின்சாரமில்லை, தொலைபேசியில்லை; சுற்றிலும் கொலைக் கும்பல். உள்ளே கறுப்பின அதிகாரி பிஷப். மரண தண்டனைக் கைதியான வெள்ளையர் வில்சன். சட்டம் பிரித்த இருவரையும் சாவு நெருங்கிவந்து சேர்த்து வைக்கிறது! இறுதியில் வில்சனுக்கு விலங்கிட வருகிறார் ஒரு காவலர். சினந்து தடுக்கிறார் பிஷப். இருவரும் சமமாக வெளியேறுகின்றனர். மனிதனை மனிதனாக மதித்த அக்காட்சியை நாம் போற்றுகிறோம்.

ஆனால், கும்பலுக்கு முகமுமில்லை, மொழியுமில்லை. அவர்களுள் அறுவரைக் காவலர் சுட்டு வீழ்த்துவதில்தான் படமே தொடங்குகிறது. அந்தச் சினத்தின் வேரை ஆராயாமல் விட்டது ஏன்? கைதிக்கு அளித்த மனிதத் தன்மையை அவர்களுக்கு மறுத்தது ஏன்? முகத்தை மறைத்தால் அச்சம் பிறக்கும், அறிவு பிறக்குமா?