சிறுதுளைச் சிகிச்சை: ஒரு மதிப்பீடு

உடலைப் பெரிதாகக் கீறாமல், விரலும் நுழையாத ஒரு துளையின் வழியே குழலையோ ஊசியையோ செலுத்தி, முதுகெலும்பிலும் மூட்டிலும் சிரையிலும் தோன்றும் கோளாறுகளைத் தீர்க்க முற்படும் முறை, கடந்த அரை நூற்றாண்டில் பெற்றிருக்கும் செல்வாக்கு சாமானியமானதன்று. இரத்த நஷ்டம் குறைவு, தழும்பு சிறிது, காலையில் சென்றவர் மாலையில் வீடு திரும்பலாம் என்னும் புகழுரைகளில் பெரும்பகுதி மெய்யே. ஆயினும், ஒரு சிகிச்சையின் தகுதியை அது உண்டாக்கும் காயத்தின் சிறுமையைக் கொண்டு அளப்பது நியாயமாகாது. அது தீர்க்கும் துன்பத்தைக் கொண்டும், அதைச் செய்யாமலே விட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதைக் கொண்டுமே அளத்தல் வேண்டும். அப்படி அளக்கப் புகுந்தால், சிரைக்கும் முதுகெலும்பின் வட்டுக்கும் முழங்காலுக்கும் இம்முறை ஒரே தரத்தில் பயன்படுவதில்லை என்பது புலனாகும்.

இதன் சிறப்பு மிகத் தெளிவாக விளங்கும் இடம் சிரையே. கால் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது என்று நம்மவர் காட்டும் வெரிகோஸ் வியாதியில், இருதயத்தை நோக்கி ஏறவேண்டிய இரத்தம் கீழே இறங்காமல் காக்கும் சிறு கதவுகள் வலுவிழந்து, தேங்கிய இரத்தம் தோலைக் கறுக்கச் செய்து, முடிவில் கணுக்காலருகே ஆறாப் புண்ணையும் உண்டாக்குகிறது. தொடையிடுக்கில் கீறிச் சிரையைக் கட்டி, கம்பியொன்றைக் கோத்து அதை உருவியெடுப்பது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் நடந்துவந்த வழக்கம். இப்போதோ, அல்ட்ராசவுண்ட் துணைகொண்டு முழங்காலருகே குத்திய துளை வழியாக மெல்லிய குழலொன்றைச் சிரைக்குள் ஏற்றி, சுற்றிலும் மரப்புநீர் பாய்ச்சி, ஏழு சென்டிமீட்டர் நீளத்துக்கு 20 விநாடி வீதம் 120 டிகிரி வெப்பமூட்டிக்கொண்டே இறங்கிவர, சிரை தானே ஒட்டி அடைந்துபோகிறது. நோயாளி எழுந்து நடந்து செல்கிறார். பிரிட்டனில் சிரைப்புண் உடைய 450 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், தாமதமின்றிச் சிரையை அடைத்தவர்களுக்குப் புண் ஆற நடுத்தரமாக 56 நாட்களும், கட்டுத்துணியோடு காத்திருந்தவர்களுக்கு 82 நாட்களும் ஆயின. காரணம் இன்னதென்று ஐயமற அறிந்து அக்காரணத்தையே தாக்குவதால் விளைந்த லாபம் இது.

இங்கேயும் காயம் சிறுத்த அளவுக்குப் பயன் பெருகிவிடவில்லை. லேசரால் சிரையை அடைத்தல், ரணசிகிச்சை, ஊசியால் நுரைமருந்து ஏற்றுதல் ஆகிய மூன்றையும் பிரிட்டனிலேயே ஒப்பிட்டு, ஐந்தாண்டு கழித்து 2019-இல் வெளியிட்ட முடிவில் பின்தங்கியது, மூன்றிலும் மிகச் சிறிய காயமுடைய நுரைமருந்துதான். மேலும், நாளெல்லாம் நின்றே பிழைக்கும் தொழில் இவ்வியாதியை வளர்க்கும் காரணங்களுள் ஒன்று; அதை எந்தக் குழலும் அடைத்துவிடாது. கடை ஊழியருக்கு இருக்கை அளிக்கவேண்டுமெனத் தமிழ்நாட்டில் 2021-இல் நிறைவேறிய சட்டத்திருத்தம், அந்த வகையில் ஒரு வைத்திய உபாயமுமாகும்.

முதுகெலும்பின் கதை இன்னும் சிக்கலானது. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதே காலில் இறங்கும் கடும் வலிக்குக் காரணமாகலாம் என்று பாஸ்டன் நகர வைத்தியர்களான மிக்ஸ்டரும் பாரும் 1934-இல் நிலைநாட்டினர். பின்னர், பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த பப்பெய்னை முயலின் இரத்தத்தில் செலுத்தியபோது அதன் விறைத்த காதுகள் துவண்டு தொங்குவதை அமெரிக்க வைத்தியர் லூயிஸ் தாமஸ் 1956-இல் எழுதினார். குருத்தெலும்பைத் தளர்த்தும் பொருள் வட்டையும் கரைக்குமல்லவா என்று எண்ணிய வைத்தியர் லைமன் ஸ்மித், அதே பாலில் உள்ள கைமோபப்பெய்னை 1960-களில் நோயாளிகளின் வட்டில் ஊசியால் செலுத்தினார். 1982-இல் அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதி பெற்ற அம்மருந்து, பலருக்கு வலி தீர்த்ததும் உண்மை. சிலருக்குக் கொடிய ஒவ்வாமையையும் அபூர்வமாகப் பக்கவாதம் போன்ற முடக்கத்தையும் தந்ததும் உண்மை. 2003-இல் அங்கே அதன் விற்பனை நின்றது. துளை ஊசிமுனையளவே ஆனாலும் ஆபத்தும் அவ்வளவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

குழல் வழியே வட்டை அகற்றும் முறையை வழக்கமான ரணசிகிச்சையோடு ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வு, 328 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் சொன்னது, குழலால் தனி நன்மை இல்லையென்பதே. எண்டோஸ்கோப் முறை வழக்கமான ரணசிகிச்சைக்குக் குறைந்ததன்று என்று 613 பேரைக் கொண்ட அந்நாட்டின் மற்றோர் ஆய்வு 2022-இல் தெரிவித்தது. இவற்றைவிட யோசிக்கத்தக்கது 2007-இல் வெளிவந்த ஆய்வு: கடும் கால்வலியுடைய 283 பேரில், உடனே ரணசிகிச்சை பெற்றவர்கள் காத்திருந்தவர்களைவிட விரைவில் தேறினர், ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தனர். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் இடையில் ரணசிகிச்சையை நாடினர் என்பதையும் மறைத்தலாகாது. சிறுநீர் கட்டுப்பாடு இழந்தவருக்கும் கால் செயலிழந்து வருபவருக்கும் காத்திருப்பே தீங்கு. மற்றவருக்கு, சிகிச்சை தருவது பெரும்பாலும் காலத்தின் மிச்சம்.

முழங்காலுக்கு வருவோம். டோக்கியோவில் வைத்தியர் டகாகி 1918-இல் பிரேதத்தின் மூட்டுக்குள் குழல்வழி நோக்கியது முதல் வளர்ந்த ஆர்த்ராஸ்கோப்பி, விபத்தில் அறுந்த ஜவ்வுக்கும் தசைநாருக்கும் அரும்பணி ஆற்றுகிறது. வயதால் தேய்ந்த மூட்டைக் கழுவிச் சுரண்டவும் அதையே பிரயோகித்தபோதுதான் பிழை நேர்ந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரைக் கொண்டு நடத்தி 2002-இல் வெளிவந்த ஆய்வில், ஒரு பிரிவினருக்குத் தோலில் மட்டும் கீறல் இட்டு, கருவிகளைக் கேட்டு வாங்குவதுபோல் பாவனை செய்து, மூட்டைக் கழுவும் ஓசை எழ உப்புநீரைத் தெளித்து, உண்மையில் ஒன்றும் செய்யாமல் அனுப்பினார்கள். ஈராண்டு ஆகியும் அவர்களது வலி, மெய்யான சிகிச்சை பெற்றவர்களின் வலியைவிட அதிகமாக இருக்கவில்லை. நொறுங்கிய முள்ளெலும்பில் சிமெண்ட் செலுத்தும் முறையும் 2009-இல் இத்தகைய இரு சோதனைகளில் பாவனைச் சிகிச்சையை வெல்ல இயலாமற்போயிற்று. புதிதாய் முறிந்து கடும் வலியுற்றவர்க்கு அது உதவலாம் என்று சிட்னி நகரில் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வொன்று ஆதரவு தந்தது.

குறை கருவியினதன்று. ஸ்கேனில் தெரிவதெல்லாம் வியாதி என்று கொள்ளும் மனப்பாங்கே குறை. வலியே அறியாத 3,110 பேரின் படங்களைத் திரட்டி 2015-இல் எழுதிய ஆராய்ச்சி, வட்டுத் தேய்மானம் 20 வயதினரில் நூற்றுக்கு 37 பேரிடமும், 80 வயதினரில் 96 பேரிடமும் உண்டென்று கணக்கிட்டது. முன்பெல்லாம் கத்தியின்மீது இருந்த அச்சமே அவசியமற்ற சிகிச்சைக்கு ஒரு தடையாக நின்றது; ‘சிறு துளைதானே’ என்ற ஆறுதல் அத்தடையை நீக்கிவிட்டது. விலை கொடுத்து வாங்கிய யந்திரம் சும்மா இருக்கலாகாது என்னும் ஆஸ்பத்திரியின் கணக்கும், சீக்கிரம் தீர்த்துவிடுங்கள் என்னும் நோயாளியின் அவசரமும் அங்கே எளிதில் ஒத்துப்போகின்றன.

ஆகவே, வியாதியின் காரணம் திட்டமாகத் தெரிந்த இடத்தில் இம்முறையைத் தயங்காமல் வரவேற்கலாம். மூப்பின் இயல்பையே வியாதியாக்கி அதைத் துளையிடும் இடத்தில் மறுக்க வேண்டும். நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் சம்மதப் பத்திரத்தில், இதைச் செய்யாமல் ஆறு மாதம் பயிற்சியோடும் மாத்திரையோடும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரி ஒதுக்கி, அதை வைத்தியரே தம் கையால் நிரப்பவேண்டும் என்று விதித்தால், தேவையுள்ள துளைகள் ஒன்றும் குறையா. தேவையற்றவை பல அந்த வரியிலேயே நின்றுவிடும்.