தொடாதீர்!

"காண வாரீர்!" - கலைக் கண்காட்சிகள் விடுக்கும் அழைப்பு இது. ஆர்வத்தோடு உள்ளே நுழைந்தால் எதிர்ப்படுகிறது இன்னொரு வாசகம்: "தொடாதீர்!" வாயிலிலே வரவேற்பு; உள்ளே தடையுத்தரவு! கண்ணுடையார் இதனைப் பொருட்படுத்துவதில்லை. பார்க்கிறார், வியக்கிறார், பாராட்டுகிறார், வீடு திரும்புகிறார். ஆனால், விரல்நுனியையே விழியாகக் கொண்டோர்க்கு? அவர்க்கு அழைப்போ வெறுஞ்சொல், கட்டளையோ கதவடைப்பு!

பூந்தமல்லியிலே நின்றுகொண்டு இதனைக் கேட்கிறோம். காரணமுண்டு. பார்வையற்ற மாணவர்க்கென அரசு நடத்தும் மேல்நிலைப் பள்ளி இருப்பது இந்த ஊரிலே. பார்வைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருப்பது இந்த ஊரிலே. புடைப்பெழுத்து நூல்களைத் தரும் மண்டல பிரெயில் அச்சகம் அமைந்ததும் இந்த ஊரிலேதான். ஆறே ஆறு புள்ளிகளைத் தடவித் தடவி அறிவுலகை அளந்திடும் இளைஞர்கள் உலவும் ஊர் இது!

அவர்களிலே ஒருவன் பேருந்தேறி எழும்பூர் செல்கிறான் எனக் கொள்வோம். 1851இலே தோன்றிய அரசு அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. அருகிலேயே 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம். உலகோர் போற்றும் சோழர்காலச் செப்புச் சிலைகள் அந்த அருங்காட்சியகத்திலே உள்ளன. அவனுடன் வந்த தோழன், "ஆகா! என்னே அழகு!" என்கிறான். இவனுக்கு அந்த அழகிலே கிடைத்த பங்கு, "ஆகா" எனும் ஒலி மட்டுந்தானே!

அந்தச் சிலை பிறந்த வகையை எண்ணிப் பாருங்கள். சிற்பி மெழுகை எடுத்தான். விரலால் பிசைந்தான், வருடினான், வடித்தான். அதன்மீது மண் பூசினான், தீயிலிட்டான். மெழுகு உருகி ஓடிற்று. அது விட்டுச்சென்ற வெற்றிடத்திலே உருக்கிய உலோகம் புகுந்தது. விரல் ஈன்ற வடிவம் அது! அதனை இன்னொரு விரல் அறியலாகாது என்கிறோம் நாம்!

"தொட்டால் கெடும்" என்பர் காப்பாளர். உண்மை. கையின் வியர்வையும் உப்பும் எண்ணெய்ப் பசையும் உலோகத்தை அரிக்கும். ஓவியத்தின் வண்ணத்தை மங்கச் செய்யும். ஆய்ந்தறிந்த காரணம் இது, ஏற்கிறோம். "தீட்டு" என்று கூறி மனிதனை மனிதன் தள்ளிவைத்தானே, அந்தக் கயமையோடு இதனை ஒப்பிடமாட்டோம். அதற்குக் காரணமே கிடையாது, இதற்கு உண்டு. எனினும் கேட்கிறோம்: காரணம் இருப்பதாலேயே கடமை தீர்ந்துவிடுமோ? மூலத்தைக் காக்கவேண்டும் என்றால் காத்திடுக; தொட்டறியப் படி ஒன்று செய்து வைத்திட என்ன தடை?

தடையில்லை என்று காட்டிவிட்டது உலகம். ஏதென்சு நகரிலே 1984இல் தொட்டறியும் அருங்காட்சியகம் எழுந்தது. இத்தாலியின் அங்கோனா நகரிலே 1993இல் ஓமர் அருங்காட்சியகம் பிறந்தது. புகழ்மிகு சிற்பங்களின் படிகள் அங்கே கைகளுக்காகக் காத்திருக்கின்றன. மாட்ரிட் நகரின் பிராடோ கூடம் 2015இல் ஓவியங்களையே புடைப்பாக வார்த்துத் தடவிப் பார்க்கத் தந்தது. அதே 2015இல் தில்லி தேசிய அருங்காட்சியகமும் தொட்டுணரும் பகுதியொன்றைத் திறந்தது. நமது நாட்டுச் சட்டமும் ஊமையாக இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 29ஆம் பிரிவிலே, கலை அவர்களுக்கு எட்டும்படிச் செய்தல் அரசின் கடமை என்றே உரைக்கிறது.

"பார்வையற்றார்க்குக் கலை எதற்கு?" என்று முணுமுணுப்போரும் உளர். சாந்திநிகேதன் ஓவியர் வினோத் பிகாரி முகர்ஜியை அவர்கள் அறியார் போலும்! 1950களின் பிற்பகுதியிலே, கண் அறுவைக்குப்பின் அவர் பார்வையை முற்றும் இழந்தார். கலையை இழந்தாரா? இல்லை! தாளைக் கத்தரித்து உருவம் சமைத்தார். சுவருக்கு ஓட்டுச் சித்திரம் படைத்தார். சத்யஜித் ராய் 1972இல் அவரைப்பற்றிப் படமே எடுத்தார். கலை தங்குமிடம் கண்ணன்று, கருத்து!

இன்னொன்றும் கூறவேண்டும். பாரிசுப் பள்ளியிலே பார்வையற்றார்க்கென முதலில் தரப்பட்டது, கண்ணுடையார் எழுத்தையே மேடாக அச்சிட்ட நூல். நல்லெண்ணத்திலே பிறந்ததுதான், ஆனால் விரலுக்குப் பொருந்தவில்லை. பொருந்தும் முறையை 1824இல் கண்டவன் யார்? அந்தப் பள்ளியிலே பயின்ற பார்வையற்ற பதினைந்து வயதுச் சிறுவன், லூயி பிரெயில்! பாடம் புரிகிறதன்றோ? கண்காட்சி அமைப்போர் இரக்கத்தோடு எதையேனும் செய்து நீட்டுதல் போதாது. பயன்படுத்துவோரை அழைத்துக் கேட்டிடல் வேண்டும். அவர் படைப்புக்கும் இடந்தரல் வேண்டும்.

கலை கூடத்தைவிட்டு வெளியேறத் தொடங்கியிருப்பதை நாம் மறுக்கவில்லை. 2016 முதல் சென்னையில் ஒளிப்படப் பெருவிழா நடந்திருக்கிறது. 2020இல் கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களே ஓவியமாயின. நன்று! ஆனால் அவையும் கண்ணுக்கே விருந்து. தெருவுக்கு வந்த கலை, கைக்கு வரவில்லை.

கைக்கு வரச் செய்ய மாளிகை தேவையில்லை. ஊருக்கு ஊர் நூலகம் உண்டு. 1948இன் பொது நூலகச் சட்டம் வகுத்த வழியிலே, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி செலுத்துகிறோம். பார்வையற்றவர் வீட்டுக்கு அந்த வரியிலே தள்ளுபடி உண்டோ? இல்லையே! 1850இலே தொடங்கிய சென்னைக் கவின்கலைப் பள்ளி, இன்று கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. அதன் மாணவர் செய்யும் மண்ணுருவும் மரவுருவும் மாதமொருமுறை பூந்தமல்லிக்கு வரட்டும். நூலகத்து மேசைமீது, கைக்கெட்டும் உயரத்திலே, புடைப்பெழுத்துக் குறிப்போடு அமரட்டும்.

முதற்படியாக எதனை வைப்பது? நாம் சொல்வோம்: தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து, 1959இலே மெரினாக் கடற்கரையில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை! பாறையைப் பெயர்க்கும் நால்வரின் முறுக்கேறிய தசையும் வளைந்த முதுகும் ஊன்றிய காலும் உயர்ந்த பீடத்தின்மேல் நிற்கின்றன. அதன் படியொன்றைப் பூந்தமல்லி இளைஞன் தடவட்டும்! உழைப்பின் வலியை அவன் விரல் உணரும். உழைப்பின் வலிமையை அவன் உள்ளம் உணரும்.

தோழர்களே! அடுத்த கண்காட்சிக்குச் செல்லும்போது சுவரிலுள்ள அந்த வாசகத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டு, அமைப்பாளரிடம் பணிவோடு, ஆனால் தவறாது கேளுங்கள்: "ஐயா! தொடுவதற்கு எதனை வைத்திருக்கிறீர்?"