மீண்டொலித்த யாழ்

பேரியாழுக்கு நரம்பு 21, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 எனக் கரும்பலகையில் எழுதி மாணவரை மனனஞ் செய்விப்பது யான் பல்லாண்டாக ஆற்றிவரும் தொழில். கிளிநொச்சி மாணவன் ஒருவன் ஒருநாள் எழுந்து, "சேர், அது என்ன மாதிரிக் கேக்கும்?" என்று வினவினான். விடை கூறவியலாது நின்றேன். யாழின் பெயர் தாங்கிய நகரொன்று நமக்கு வடக்கே இருந்தும் அதன் ஒலியை நம்முள் ஒருவரும் கேட்டிலேம், நல்ல வேடிக்கை!

அவ்வினாவுக்கு விடையாக வந்தது, சென்னையில் இசைக்கருவி செய்யும் தருண் சேகர் என்னும் இளைஞர் 2021இல் வெளியிட்ட 'அழகி' என்னும் பாட்டு. மதுரையிற் பிறந்து கட்டடக்கலை பயின்ற இவர், தாமே ஒரு யாழைச் செய்து, தாமே மீட்டியுமுள்ளார்.

யாழை மீட்டெடுக்க முதன்முதல் பெரிதும் உழைத்தவர் நம் விபுலாநந்த அடிகளே. காரைதீவு ஈன்ற அவ்வறிஞர், சிலப்பதிகார அரங்கேற்றுகாதையைத் துணைக்கொண்டு, சுர இடைவெளிகளைக் கணித முறையால் நிறுவி ஆக்கிய 'யாழ் நூல்' 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். அடிகளைப் போற்றினோம், கருவியை மறந்தோம்.

யாழ் வழக்கொழிந்தமைக்குக் காரணம் அதன் அமைப்பிலேயே உளது என்பது எம் கருத்து. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரமே உரியது. வீணையிலோ மெட்டின்மேல் தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் எழுப்பலாம். கமகமே உயிராகிய இசையில் யாழ் தோற்றது இயல்பே. தருண் சேகரின் துணிவு ஈண்டுத்தான் விளங்குகிறது. அவர் யாழை வீணையோடு போட்டிக்கு விடவில்லை. இக்கால இளைஞர் பாட்டிலே கொண்டுபோய் வைத்தார். நரம்பு தெறித்தபின் ஓசை தேய்ந்து செல்லும் அழகு, கமகம் வேண்டாத அவ்விடத்தில் தெளிவாகக் கேட்கிறது.

மரபினர் சிலர் முகஞ்சுளிப்பர். பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் மறைந்துபோன கெல்த்திய யாழைத் தந்தை ஒருவர் 1953இல் மீளச் செய்து, ஒன்பது வயது மகன் கையிற் கொடுத்தார். அம்மகனாகிய அலன் ஸ்டிவெல் 1971இல் அதனை மையமாக்கி இசைத்தட்டு வெளியிட்டார். பின் மின்கித்தாரோடும் அதனை மேடையேற்றினார். நூற்கூடத்திற் பூட்டியிருந்தால் அந்த யாழை இன்று யார் அறிவார்?

குறையும் கூறவேண்டும். பாட்டின் குரல் எழும்போது யாழ் பின்னே ஒதுங்குகிறது. அது தனித்துப் பேசும் இடம் எமக்குப் போதவில்லை. பண்களைத் தனி யாழில் மீட்டிய முழுத் தொகுப்பொன்று இவரிடமிருந்து வருதல் வேண்டும். அப்போதுதான் அடிகளின் கணக்குச் செவியாற் சோதிக்கப்படும்.

மறுவாரம் கைபேசியை மேசைமேல் வைத்து அப்பாட்டை வகுப்பில் ஒலிக்கச் செய்தேன். கடைசி நரம்பு ஓய்ந்ததும் அம்மாணவன், "சேர், இன்னொருக்காப் போடுங்கோ" என்றான்.