இணங்காதவர்களின் பாட்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஒரு தகரக் கூரைப் பிரார்த்தனை வீட்டில் ஒரு ஞாயிறு காலை உட்கார்ந்திருந்தேன். இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர்கள் பாதிப் பேர். பாட்டுப் புத்தகம் கிடையாது. பாட்டு எங்கே முடிய வேண்டும் என்ற தீர்மானமும் கிடையாது. நான் இன்று விசுவாசி அல்ல; சிறுவயதில் கோயிலில் பாமாலை பாடியவன். அங்கே ஒரே வரி இருபதாவது முறை திரும்பி வந்தபோது என் வாயும் சேர்ந்துகொண்டது. இலக்கியமாகப் பார்த்தால் அது பலவீனமான வரி. அப்படியானால் என்னைச் சேர்த்துக்கொண்டது எது?

1662இல் இங்கிலாந்துச் சட்டம் எல்லாச் சபைகளும் ஒரே ஜெபப் புத்தகத்தின்படி வழிபட வேண்டும் என்றது. இணங்க மறுத்த சுமார் 2000 போதகர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஐசக் வாட்ஸ் (1674-1748) அந்த மரபில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் இணங்காமைக்காகச் சிறை சென்றவர். தாவீதின் சங்கீதங்களைச் செய்யுளாக்கிப் பாடுவதே போதும் என்றிருந்த சபைகளுக்கு 1707இல் வாட்ஸ் தம் சொந்தப் பாடல்களைக் கொடுத்தார். வேதத்தை ஒப்பித்தவன் 'நான்' என்று தன் அனுபவத்தைப் பாடத் தொடங்கினான்.

தமிழுக்கு இந்த 'நான்' புதிதல்ல. அப்பரும் நம்மாழ்வாரும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதைப் பாடிவிட்டார்கள். இங்கே புதிதாக வந்தது மெட்டுத்தான். 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய காலந்தொட்டு ஜெர்மன் மெட்டுகளிலும், பிறகு ஆங்கில மெட்டுகளிலும் தமிழ்ச் சொற்களைப் பொருத்தினார்கள். அழுத்தத்தை நம்பும் மெட்டில், குறில் நெடிலை நம்பும் மொழி உட்காராது. இழுத்தால் 'கல்' 'கால்' ஆகும். 'பல்' 'பால்' ஆகும். பொருள் சிதைந்தாலும் மெட்டுச் சிதையக் கூடாது என்று பழக்கினார்கள். அங்கே இணங்காமையாகப் பிறந்த பாட்டு, இங்கே இணக்கத்தின் பயிற்சியாக வந்து சேர்ந்தது.

இதற்கு எதிர்நின்றது கீர்த்தனை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று, எதுகை மோனையோடு எழுதினார். அவருடைய பாடல்கள் பெருமளவில் இடம்பெற்ற ஒரு தொகுப்பை 1853இல் வெளியிட்டவர் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப். இங்கிலாந்தின் இணங்காதோர் வழியில் வந்த சபையார் அவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஆனால் சாஸ்திரியாரைக் கலகக்காரராக மட்டும் கொண்டாடுவது நேர்மையல்ல. இளைய மிஷனரிகளை எதிர்த்து 1829இல் அவர் எழுப்பிய முறையீட்டில், தமிழ்ப் பாட்டை விலக்கியதும் ஒரு கொடுமை. சாதிகளை ஒன்றாகக் கலக்க முயன்றதும் ஒரு கொடுமை. வேளாளக் கிறிஸ்தவராக அவர் பாட்டையும் சாதியையும் ஒரே மூச்சில் காத்தார். அவருடைய 'நான்' எல்லோருக்கும் இடம் விட்ட 'நான்' அல்ல. நம் கீர்த்தனை ரசனை இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது.

தாண்டிப் போகாதவர் தியாஃபிலஸ் அப்பாவு (1940-2005). பரட்டை என்று தன்னை அழைத்துக்கொண்டவர். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்துகொண்டு, கர்நாடக சாயல் கொண்ட கீர்த்தனை மேல்சாதியின் குரல் என்று வாதிட்டார். நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரு பாட்டை யார் பாட முடியும், பாடும்போது யார் கூசுவார்கள் என்ற அவருடைய கேள்வியை நம் இலக்கிய விமர்சனம் இன்னும் கேட்டுப் பழகவில்லை.

தகரக் கூரைக்குத் திரும்புகிறேன். அங்கே பாமாலையும் இல்லை, கீர்த்தனையும் இல்லை, பறையும் இல்லை. கீபோர்டில் பதிந்துவைத்த தாளம் ஒன்று, இயந்திரம் மாதிரி, எல்லாப் பாட்டையும் ஒரே வேகத்தில் தள்ளிக்கொண்டு போயிற்று. வார்த்தைகளில் ஆசீர்வாதமும் வெற்றியும் மட்டுமே. சங்கீத புத்தகத்தில் நிறைந்திருக்கும் புலம்பலுக்கு இடமே இல்லை. உருக்காலையில் எட்டு மணி நேரம் நின்று வந்தவனுக்குச் சொல்ல வேறொன்றும் இல்லையா என்று எனக்குக் கோபம் வந்தது.

அப்போது மின்சாரம் போயிற்று. தாளம் நின்றது, பாட்டு நிற்கவில்லை. கைத்தட்டலில் தொடர்ந்தார்கள். வேகம் தானாகக் குறைந்தது. களைத்த உடம்புகளின் வேகத்துக்கு அது வந்தது. அதே வெற்றி வரி, அந்த வேகத்தில், புலம்பலாகக் கேட்டது. ஒரு அம்மாள் கடைசிச் சொல்லைச் சுருதி விலகி இழுத்தாள். மற்றவர்கள் அவளுக்காகக் காத்திருந்தார்கள். என் வாய் சேர்ந்தது அந்த இடத்தில்தான்.

தனிமனித விசுவாசம் என்கிறோம். அங்கே அது தனியாக இல்லை. பிறர் காத்திருந்த இடைவெளியில் இருந்தது. என் சிறுவயதுக் கோயிலில் யாரும் யாருக்காகவும் காத்திருந்ததில்லை. ஆர்கன் நேரத்துக்கு முடிந்துவிடும். நான் இழந்தது விசுவாசத்தை என்றே இத்தனை வருஷம் எண்ணியிருந்தேன். இழப்பதற்கு அது எனக்கு ஒருநாளாவது இருந்ததா என்பது இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மின்சாரம் திரும்ப வந்ததும் கீபோர்டு பழைய வேகத்தைப் பிடித்துக்கொண்டது. நான் பாடுவதை நிறுத்திவிட்டேன்.