டெமோவில் தேறியவர்கள்

அந்நியச் செலாவணி வர்த்தகம் கற்றுத்தருவதாகச் சொல்லும் வகுப்புகளில் ஓர் அறிவுரை தவறாமல் வரும்: மூன்று மாதம் போலிப் பணம் உள்ள டெமோ கணக்கில் பழகு, லாபம் காட்டினால் நிஜப் பணம் போடும் லைவுக்கு மாறு. கேட்கப் பொறுப்பான பேச்சாகத்தான் இருக்கிறது. சொந்தப் பணத்தை முதல் நாளே கொண்டுபோய்க் கொட்டாதே என்கிறது, நல்லதுதானே? அதன் முதல் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. ‘லாபம் காட்டினால்’ என்ற இரண்டாம் பாதிதான் உறுத்துகிறது.

டெமோவுக்கு உரிய பெருமையை முதலில் கொடுத்துவிடுவோம். மெட்டாடிரேடர் 4 என்ற வர்த்தகச் செயலி வந்தது 2005-இல். அதற்குப் பிறகு, கைபேசி வைத்திருக்கும் எவரும் ஐந்து நிமிடத்தில் டெமோ கணக்கு தொடங்கலாம் என்றாகிவிட்டது. ஒரு முழு லாட் என்பது 1,00,000 அலகு. யூரோ-டாலரில் விலை ஒரு பிப் (நான்காம் தசம இடத்தில் ஒன்று) நகர்ந்தால் அதன் மதிப்பு 10 டாலர் கூடும், அல்லது குறையும். 0.01 லாட்டில் அதே நகர்வின் மதிப்பு 10 சென்ட். புதியவர் 0.01 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 1.00 என்று அடித்துவிடுவது அபூர்வமல்ல. நூறு மடங்குப் பிழை. அதைச் செய்வதற்கு டெமோவை விட நல்ல இடம் கிடையாது. இரவு தாண்டி நிலையை வைத்திருந்தால் ஸ்வாப் கட்டணம் எப்படிக் கழிகிறது, அமெரிக்க வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் வரும் வெள்ளிக்கிழமை மாலை விலை எப்படித் துள்ளுகிறது என்பதையெல்லாம் செலவில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். இதற்கு மூன்று வாரம் தாராளம். மிச்சமுள்ள நாட்களில் டெமோ கற்றுத்தருவது பெரும்பாலும் தப்பான பாடம்.

மூன்று மாத லாபம் என்ற அளவுகோலை ஒரு சின்னக் கணக்கில் உரசிப் பார்க்கலாம். திறமை எதுவுமே இல்லாமல், பூவா தலையா போட்டு வாங்கி விற்கும் 64 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் 32 பேர் லாபத்தில் இருப்பார்கள். அடுத்த மாதமும் சேர்த்து லாபம் பார்த்தவர்கள் 16 பேர், மூன்று மாதமும் பார்த்தவர்கள் 8 பேர். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியான ஸ்பிரெட் செலவைச் சேர்த்தால் எண்ணிக்கை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அந்த எட்டுப் பேரும் தங்களுக்குக் கை வந்துவிட்டது என்று நம்பித்தான் லைவுக்குப் போவார்கள். இதைவிட மோசமான ஓட்டை ஒன்று உண்டு: டெமோவில் பணம் கரைந்தால் புதுக் கணக்கு திறந்துகொள்ளலாம். பழைய தோல்வியின் தடயமே இருக்காது. ஆளுக்கு நான்கு தடவை முயன்றால், அந்த 64 பேரில் ஏறக்குறைய 26 பேர் ஏதாவது ஒரு தடவை மூன்று மாத லாபத்தைக் காட்டிவிடுவார்கள். தேர்வு இப்படி நடந்தால் தேறியவர்களைப் பற்றி என்னதான் சொல்ல முடியும்?

அடுத்தது தொகை. டெமோ கணக்கில் வழக்கமாக 10,000 டாலரோ 1,00,000 டாலரோ இருக்கும். ஊரான் வீட்டு நெய். லைவுக்கு வருபவர் கையில் இருப்பது 200 டாலர். இது மனநிலை பற்றிய விஷயம் என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் இது முதலில் கணக்குப் பிரச்சினை. 10,000 டாலரில் ஒரு வர்த்தகத்துக்கு 1 சதவீதம் பணயம் வைப்பவர், 50 பிப் தள்ளி ஸ்டாப் லாஸ் (நஷ்டத்தை நிறுத்தும் ஆணை) போட்டு 0.2 லாட் வாங்கலாம். தோற்றால் 100 டாலர் போகும். 200 டாலரில் அதே 1 சதவீதம் என்றால் 2 டாலர். பல இடங்களில் இருப்பதிலேயே சிறிய அளவான 0.01 லாட்டை எடுத்தாலும், 50 பிப் நஷ்டத்துக்கு 5 டாலர் போய்விடும். அதாவது 2.5 சதவீதம். ஸ்டாப்பை 20 பிப்புக்குள் இறுக்கினால்தான் கணக்கு சரிப்படும். இறுக்கினாலோ டெமோவில் தேறிய உத்தி அது இல்லை. ஆக, மூன்று மாதம் பழகியது ஒன்று, லைவில் செய்யப்போவது வேறொன்று.

டெமோவில் கேட்ட விலை பெரும்பாலும் கேட்டபடியே கிடைக்கும், ஏனென்றால் அந்த ஆணை எந்தச் சந்தைக்கும் போவதில்லை. நிஜச் சந்தை எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு 2015 ஜனவரி 15 ஒன்றே போதும். ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று தான் கட்டிக் காத்துவந்த வரம்பை சுவிஸ் தேசிய வங்கி முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. சில நிமிடங்களில் விலை 1-க்கும் கீழே விழுந்தது. 1.19-இல் ஸ்டாப் வைத்திருந்தவர்களுக்கு அந்த விலையில் வாங்க ஆளே இல்லை. போட்ட பணமும் போய், தரகருக்குக் கடன்பட்டவர்களும் உண்டு. ஆல்பாரி என்ற தரகரின் இங்கிலாந்து நிறுவனம் திவாலானது. இன்னொரு தரகரான எஃப்எக்ஸ்சிஎம் 30 கோடி டாலர் அவசரக் கடனில் பிழைத்தது. அப்படிப்பட்ட நாள் அடிக்கடி வராதுதான். ஆனால் அன்று பெரிதாக நடந்தது, செய்தி வெளியாகும் நேரங்களில் சின்ன அளவில் நடந்துகொண்டே இருக்கிறது.

டெமோவைக் குறை சொல்பவர்கள், சில நூறு டாலரோடு சிறிய லைவ் கணக்கில் தொடங்கு என்பார்கள். டெமோவை விட இது மேல். இழப்பின் வலி, அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியை விடக் கூடுதல் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினார்கள். 5 டாலர் போனாலும் அந்த வலி தெரியும், போலிப் பணத்தில் தெரியாது. ஆனால் மாதம் 3 சதவீதம் என்ற அருமையான லாபம் 200 டாலர் கணக்கில் வெறும் 6 டாலர். அதில் யாருக்குத் திருப்தி வரும்? 1:500 லீவரேஜ் (கையிருப்பைப் பெருக்கிக் காட்டும் கடன்) தரும் தரகரிடம் 0.1 லாட்டுக்கு இருபத்துச் சொச்சம் டாலர் மார்ஜின் போதும் என்பதால் விரல் அங்கேதான் போகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்மா 2018-இல் முக்கிய நாணய ஜோடிகளுக்கு லீவரேஜை 1:30 என்று கட்டுப்படுத்தியது. சிறு முதலீட்டாளர்களின் சிஎஃப்டி (விலை வித்தியாச ஒப்பந்தம்) கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் நஷ்டத்தில் முடிகின்றன என்று அப்போது அது சொன்னது. அவர்கள் எல்லோரும் டெமோ வழியாக வந்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். டெமோ நல்ல சல்லடையாக இருந்திருந்தால் அந்த எண் இவ்வளவு பயங்கரமாக இருந்திருக்காது என்று மட்டும் சொல்கிறேன்.

அப்படியானால் எப்போது மாறுவது? டெமோ இருப்பை, லைவில் போடப்போகும் தொகைக்கே சமமாக வையுங்கள், லீவரேஜும் அதேதான். விதியை எழுதி வைத்துக்கொண்டு ஐம்பது வர்த்தகம் செய்து, எத்தனையில் விதியை மீறினீர்கள் என்று எண்ணுங்கள். லாபத்தைப் பார்க்கவே வேண்டாம். ஐம்பது வர்த்தகத்து லாபத்தில் அதிர்ஷ்டம் எவ்வளவு, திறமை எவ்வளவு என்று பிரிக்க முடியாது. விதி மீறலை எண்ண முடியும்.

இந்தியாவில் இருப்பவருக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு, டெமோ திரை அதைக் கேட்பதே இல்லை. ரிசர்வ் வங்கி அங்கீகரித்த நிறுவனங்கள், என்எஸ்இ, பிஎஸ்இ, எம்எஸ்இ சந்தைகள் வழியாக மட்டுமே இங்கே வசிப்பவர் செலாவணி வர்த்தகம் செய்யலாம். வெளிநாட்டுத் தரகருக்கு மார்ஜின் பணம் அனுப்ப, தனிநபர் பண அனுப்பல் திட்டத்திலும் இடமில்லை. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமாவின்படி, சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். 2022 செப்டம்பரில் அங்கீகாரமற்ற தளங்கள் 34-இன் பெயர்களோடு வெளியான ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கைப் பட்டியல் அதன் பிறகு நீண்டுகொண்டே வந்திருக்கிறது. டெமோ வரை குற்றமில்லை; லைவ் பொத்தானை அழுத்தும்போதுதான் சட்டம் குறுக்கே வருகிறது. ஆகவே மூன்று மாதம் பழகுவதற்கு முன்பே, பணம் எந்த வழியாகப் போகும் என்று தரகரிடம் கேட்டுவிடுங்கள். யாரோ ஒரு தனிநபரின் யுபிஐ எண் பதிலாக வந்தால், டெமோவையும் சேர்த்து மூடிவிடுங்கள்.